ஒரு பைட்டில் ஒரு வேளை: அல்டிமா 7-இன் ஊர் எப்படி நடமாடுகிறது

அல்டிமா 7 என்ற கணினி விளையாட்டில், ட்ரின்சிக் என்ற ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமானால் வாசல் காவலாளியிடம் கடவுச்சொல் சொல்ல வேண்டும். அது மேயர் ஃபின்னிகனுக்குத் தெரியும். ஆனால் அவர் சும்மா சொல்லிவிடமாட்டார். முதலில் கேள்வி கேட்பார்: இன்ன இடத்தின் அட்சரேகை என்ன? விடை, விளையாட்டுப் பெட்டிக்குள் வரும் துணி வரைபடத்தில் இருக்கும். 1996-இல் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பனின் அண்ணன் வைத்திருந்த 486 கணினியில் நாங்கள் ஆடியதோ, யாரோ யாருக்கோ கொடுத்துக் கைமாறி வந்த ஒரு கட்டு ஃப்ளாப்பி. அதில் பெட்டி ஏது, துணி ஏது. நகல் எடுப்பவர்களுக்காக வைத்த பூட்டில் சரியாகப் போய் மாட்டிக்கொண்டோம்.

வெளியே போக வழியில்லாதவன் ஊருக்குள்ளேயேதான் சுற்றுவான். ஏறக்குறைய ஒரு மாதம், பள்ளி விட்டதும் ட்ரின்சிக் தெருக்களிலேயே கிடந்தோம். யார் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறார், யார் எங்கே போய்ச் சாப்பிடுகிறார், தெருவிளக்கு எப்போது எரியும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஒரு கொலையைத் துப்பறிய வந்தவர்கள் நாங்கள் என்பதே பாதி நாள் மறந்துபோனது. அப்புறம் அண்ணன் எங்கிருந்தோ விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிவந்தார், கதவு திறந்தது. இப்போது நினைத்தால், அல்டிமா 7 எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள அந்த ஊர்ச் சிறையைவிட நல்ல வழி இல்லை என்றே தோன்றுகிறது.

'அல்டிமா 7: தி பிளாக் கேட்' 1992 ஏப்ரலில் வெளியானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் இருந்த ஆரிஜின் சிஸ்டம்ஸ் செய்தது. 'உலகங்களைப் படைக்கிறோம்' என்பதுதான் அந்த நிறுவனத்தின் முழக்கம். இந்த வரிசையைத் தொடங்கியவர் ரிச்சர்ட் காரியட், விண்வெளி வீரர் ஓவன் காரியட்டின் மகன். தன் விளையாட்டுகளுக்குள் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற பெயரில் தானே அரசராக உட்கார்ந்துகொண்டவர். நாயகனுக்கு அதில் 'அவதார்' என்று பட்டம். நம் சொல்தான், 1985-இல் வந்த நான்காம் பாகத்தில் அங்கே குடியேறியது. எட்டு நற்குணங்களைக் கடைப்பிடித்து வாழ்ந்து காட்டுபவர்தான் அவதார். பத்து அவதாரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த அவதார் அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து காசு எடுப்பதையும், கூட வருகிற நண்பர்கள் அதைப் பார்த்துத் திட்டுவதையும் காண வேடிக்கையாக இருக்கும்.

ஏழாம் பாகத்தில் அவதார் 200 ஆண்டு கழித்து பிரிட்டானியா நாட்டுக்குத் திரும்புகிறார். வந்து இறங்குகிற இடம் ட்ரின்சிக்கின் குதிரை லாய வாசல். உள்ளே கொல்லர் கிறிஸ்டோபர் கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்தில் இனாமோ என்ற கார்காயிலின் (அந்த உலகத்தில் வாழும் மனிதரல்லாத ஓர் இனம்) உடல். விசாரிக்கத் தொடங்கினால் முதல் துப்பு துறைமுகத்தில் கிடைக்கும். இரவுக் காவலுக்கு நின்ற கில்பெர்டோ மண்டையில் அடிபட்டு விழுந்து கிடந்ததை, காலையில் ஷிப்ட் மாற்ற வந்த ஜான்சன் பார்த்திருக்கிறார். கவனியுங்கள், கதையின் முதல் முடிச்சே ஒரு ஷிப்ட் மாற்றத்தில் இருக்கிறது. இந்த ஊரில் ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு உண்மையிலேயே பொருள் உண்டு.

அக்காலத்துப் பெரும்பாலான ஆர்பிஜிகளில், அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளில், அப்படிக் கிடையாது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நிற்பார். நள்ளிரவு போனாலும் நிற்பார், ஆறு மாதம் கழித்துப் போனாலும் நிற்பார். நீங்கள் வராத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் அவருக்கு அப்படி ஒரு நேரமே இல்லை. இதை மாற்றும் வேலை அல்டிமாவில் 1988-இலேயே, ஐந்தாம் பாகத்தில் தொடங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போய் இரவில் படுத்தார்கள். 1990-இல் வந்த ஆறாம் பாகம் ஊரையும் காட்டையும் ஒரே அளவில் தொடர்ச்சியாக வரைந்தது. மேசை மேலிருக்கும் தட்டை எடுக்கலாம், நாற்காலியை நகர்த்தலாம் என்ற நிலைக்கு வந்தது. ஏழாம் பாகம் இந்த இரண்டையும் சேர்த்தது. திரையின் ஓரங்களை அடைத்துக்கொண்டிருந்த எண்களையும் சட்டங்களையும் தூக்கி எறிந்துவிட்டு முழுத்திரையையும் ஊருக்கே கொடுத்தது. எல்லாம் மவுஸால் நடந்தது.

சரி, அந்த ஊர்க்காரர்களை நடக்கவைப்பது எது? இவ்வளவு உயிரோட்டம் என்றால் உள்ளே ஏதோ பெரிய செயற்கை அறிவு இருக்க வேண்டும் என்றுதான் அன்று நாங்கள் நினைத்தோம். அண்ணன்கூட அப்படித்தான் சொன்னார். விளையாட்டின் கோப்புகளைப் பின்னாளில் ஆர்வலர்கள் பிரித்துப் படித்தபோது கிடைத்த விடை எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு.

ஒரு நாள் எட்டு வேளையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வேளையும் மூன்று மணி நேரம். நள்ளிரவு, அதிகாலை 3, காலை 6, காலை 9 என்று போகும். ஒருவர் செய்யக்கூடிய வேலைகள் மொத்தம் 32 வகை. தூங்குவது, சாப்பிடுவது, கடை பார்ப்பது, வயல் வேலை, ரொட்டி சுடுவது, தைப்பது, சுரங்கம் வெட்டுவது, கொல்லுப்பட்டறை, ரோந்து, பிரசங்கம், சும்மா உலாத்துவது, திருடுவது, சிறுவர்களுக்கு ஓடிப்பிடித்து விளையாடுவது இப்படி. விடுதியில் சாப்பிடுவது தனி வகை, அங்கே பரிமாறுவது இன்னொரு தனி வகை. கணினியில் பிட் என்பது 0 அல்லது 1, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு வேளையைக் குறிக்க மூன்று பிட் போதும். முப்பத்திரண்டு வேலையைக் குறிக்க ஐந்து பிட். மூன்றும் ஐந்தும் எட்டு. அதாவது 'இந்த வேளையில் இந்த வேலை' என்பது முழுசாக ஒரே ஒரு பைட். அதை எங்கே போய்ச் செய்ய வேண்டும் என்பதற்கு இன்னும் மூன்று பைட். ஒருவரின் ஒரு வேளைக்கு நான்கு பைட் ஆகிறது. இந்தக் கட்டுரையில் 'ரொட்டி' என்ற ஒரு சொல்லைச் சேமிக்கக் கணினி எடுத்துக்கொள்ளும் இடம் அதைவிட அதிகம்.

இதைப் படித்த அன்று மாலை பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டுவிடுவார்கள், மறுநாள் காலை 7.30 வரை வண்டி போகாது. அந்தத் தடுப்பு விழுந்ததும் சாலையின் ஆட்களே மாறிவிடுவார்கள். ஸ்கூட்டர்கள் போய் சுண்டல்காரர் வருவார், பலூன்காரர் வருவார், காந்தி சிலைப் பக்கம் குடும்பங்கள் வந்து உட்காரும். அதிகாலையில் அதே சாலையில் கை வீசி நடக்கும் பெரியவர்கள் வேறு கூட்டம். எங்கள் தெருமுனை டீ மாஸ்டரின் நாளை எட்டு வரியில் எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். முதல் வரி அடுப்பு, கடைசி வரி கடைக்குப் பின்னால் பாய். கிண்டலாகச் சொல்லவில்லை. என் நாளையும் எழுதலாம், அதில் வரிகள் இன்னும் குறைவாக இருக்கும்.

வரிகள் குறைவு என்றாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். விஷயம் அங்கேதான் சூடுபிடிக்கிறது. ட்ரின்சிக்கின் மதுக்கடையை நடத்துபவர் அப்பொலோனியா. சாப்பாட்டு வேளை வந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து உட்காருவார்கள். பரிமாறும் வேலை எழுதப்பட்டவர் மேசை மேசையாகத் தட்டு வைப்பார். 'இன்று இவர்கள் சந்திக்க வேண்டும்' என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. தனித்தனி அட்டவணைகள் ஒரே வேளையில் ஒரே இடத்தைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். பார்க்கிற நமக்கு அது ஒரு மாலைப்பொழுதாகத் தெரிகிறது. இருட்டியதும் தெருவில் உலாத்திக்கொண்டிருக்கும் ஒருவர் போய் விளக்கை ஏற்றுவார், சன்னல் கதவைச் சாத்துவார். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்காகத்தான் அதைச் செய்கிறாரோ என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அட்டவணை பாதி என்றால் மீதிப் பாதி பொருட்கள். பிரிட்டானியாவின் பிரிட்டன் நகரில் வில்லி என்ற ரொட்டிக்காரர் இருக்கிறார். அவரிடம் வேலைக்குச் சேரலாம். மாவு மூட்டையை எடுத்து மேசையில் மாவைக் கொட்ட வேண்டும். வாளியில் தண்ணீர் மொண்டுவந்து அதன்மேல் ஊற்றினால் பிசைந்த மாவாகும். அதை அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் ரொட்டி. எடுத்து வில்லியிடம் கொடுத்தால் கூலி. இந்த நான்கு படிக்கும் தனித்தனிப் பொருள், தனித்தனி வினை. முக்கியமானது என்னவென்றால், ரொட்டி சுடும் வேலை எழுதப்பட்ட ஊர்க்காரரும் இதே மாவோடும் இதே அடுப்போடும்தான் மல்லுக்கட்டுகிறார். அவருக்கென்று ஒரு பொம்மை அடுப்பு கிடையாது. பிரிட்டனுக்குத் தெற்கே பாஸ் என்ற ஏழை ஊர். அங்கே கமீல் என்ற விவசாயப் பெண் ஒரு மூட்டைக் கோதுமையை மாவு ஆலைக்காரர் தர்ஸ்டனிடம் சேர்க்கச் சொல்வார். உலகைக் காக்க வந்த அவதார் மூட்டை தூக்குவார்.

எங்கள் தெருவில் அப்போது விறகு அடுப்பு வைத்த பேக்கரி ஒன்று இருந்தது. நீள ரொட்டி நம் ஊருக்கு பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. சாயங்காலம் அதை வாங்கப் போகும்போது, உள்ளே மாஸ்டர் நீளக் கட்டையால் ரொட்டிகளை இழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பத்து வருடமாகப் பார்த்துவந்த காட்சிதான். ஆனால் அந்த மாஸ்டர் எத்தனை மணிக்கு மாவு பிசைந்திருப்பார் என்ற கேள்வி எனக்குத் தோன்றியது வில்லியின் கடையில் கூலிக்கு நின்ற பிறகுதான்.

பொருள்களுக்கு வினை உண்டு என்றாகிவிட்டால், உருவாக்கியவர் நினைக்காத வழிகளும் திறந்துவிடும். பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூரைமேல் ஏறலாம். குழந்தைகள் காப்பகத்தில் கிடக்கும் அழுக்குத் துணியை எடுத்து ஒருவர்மேல் பிரயோகித்தால் அவர் நாற்றம் தாங்காமல் ஓடுவார். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது அரசர் கொலை. லார்ட் பிரிட்டிஷை சாதாரண வாளால் வீழ்த்துவது நடக்காத காரியம். ஆனால் அவருக்கும் அட்டவணை உண்டே. நண்பகலில் அவர் அரண்மனையின் ஒரு வாசலுக்குக் கீழே வந்து நிற்பார். மேலே ஒரு பலகை தொங்கும். சரியான நேரத்தில் அதன்மேல் இரட்டைக் கிளிக் செய்தால் அது அவர் தலையில் விழும், கதை முடிந்தது. ஆரிஜின் அலுவலகத்தில் கதவுக்கு மேலிருந்து ஒரு பொருள் காரியட்டின் தலையில் நிஜமாகவே விழுந்ததுண்டு. அதை வைத்து அவருடைய ஆட்களே செய்த குறும்பு இது. இது வேண்டுமென்றே வைத்த வழி என்றாலும், வாள் சாதிக்காததை அட்டவணையைத் தெரிந்துவைத்திருப்பது சாதிக்கிறது என்பதில் இந்த விளையாட்டின் மொத்தத் தர்க்கமும் இருக்கிறது.

இவ்வளவையும் எந்தக் கணினியில் ஓட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வரைபடம் 3072-க்கு 3072 கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் எட்டுக்கு எட்டு புள்ளிகள். அன்றைய கணினிகளை இயக்கிய டாஸ் நேரடியாகக் கொடுத்த நினைவகமோ 640 கிலோபைட். அதைத் தாண்டிப் போவதற்காக 'வூடூ' என்ற பெயரில் சொந்தமாக ஒரு நினைவக நிர்வாகியை எழுதினார்கள். பெயருக்கேற்ற மாந்திரீகம்தான். மற்ற விளையாட்டுகளுக்குத் தேவைப்பட்ட இஎம்எம்386 என்ற நினைவக நிரல் ஏற்றப்பட்டிருந்தால் இது ஓடாது. அதனால் இதற்கென்றே தனியாக ஒரு பூட் ஃப்ளாப்பி செய்து, அதைப் போட்டுக் கணினியைத் திறக்க வேண்டும். அண்ணன் அந்த ஃப்ளாப்பியின்மேல் பச்சை மையில் 'தொடாதே' என்று எழுதியிருந்தார். எங்கள் வயதுப் பையன்கள் பலர், கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் கன்ஃபிக்.சிஸ் என்ற கோப்பைத் திருத்தக் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தால் அல்ல.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். நீங்கள் ட்ரின்சிக்கில் இருக்கும்போது பிரிட்டனில் யாரும் உண்மையில் நடந்துகொண்டிருப்பதில்லை. அதற்கு நினைவகமும் இல்லை, வேகமும் இல்லை. உங்கள் திரைக்கு அருகில் இருப்பவர்கள் மட்டுமே விழித்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பவருக்கு வேளை மாறினால், அவரைத் தூக்கி அந்த வேளைக்குரிய இடத்தில் வைத்துவிடுவார்கள். வழியெல்லாம் நடக்க வேண்டியதில்லை. ஏமாற்று என்று சொல்லலாம். ஆனால் நானும் கடலூரில் இருக்கிற சித்தப்பாவை அப்படித்தான் வைத்திருக்கிறேன். மணி எட்டு, இந்நேரம் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேனே தவிர, அவர் நடந்துவந்த வழியை நான் கற்பனை செய்வதில்லை.

குறைகளை மறைக்க வேண்டாம். சண்டை ஒரே குழப்பம். எல்லோரும் ஒரே குவியலாக மோதுவார்கள், யார் யாரை அடித்தார் என்றே தெரியாது. பைக்குள் பை, அதற்குள் பை என்று போகும், சாவியைத் தேடி எடுப்பதற்குள் மாலையாகிவிடும். கூட வருபவர்களுக்குப் பசிக்கும். பசிக்கிறது என்று ஒவ்வொருவராகப் புலம்புவார்கள், ஒவ்வொருவர் வாயிலும் நீங்களே ஊட்ட வேண்டும். முதல் பத்து முறை அழகு, அதன்பின் தொல்லை.

பிறகு நடந்தவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அல்டிமா 7 வெளியான சில மாதங்களில், 1992 செப்டம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆரிஜினை வாங்கியது. 1997-இல் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் அல்டிமா ஆன்லைன் வந்தது. அதில் அட்டவணையைத் தாண்டி ஓர் இயற்கைச் சூழலையே நடத்திக் காட்ட முயன்றார்கள். புல் முளைக்கும், ஆடு புல்லைத் தின்னும், ஓநாய் ஆட்டைத் தின்னும். ஆடு குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும். காகிதத்தில் அருமை. உலகம் திறந்ததும் ஆட்டக்காரர்கள் புகுந்து ஆடு, ஓநாய், முயல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். பிறக்கிற வேகத்தைவிடச் சாகிற வேகம் அதிகம். அங்கே அப்படி ஒரு சமநிலை ஓடிக்கொண்டிருந்ததையே யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஒரே ஓர் அவதார் இருக்கும்போது தாங்கிய உலகம், ஆயிரம் அவதாரங்கள் வந்தபோது தாங்கவில்லை.

அட்டவணை மட்டும் நிலைத்தது. ஜெர்மனியில் உருவான கோதிக் என்ற விளையாட்டு 2001-இல் அதைத் தன் சிறைக்காலனிக்குக் கொண்டுபோனது. 2006-இல் ஓப்ளிவியன் என்ற விளையாட்டு அதையே பெரிதாக விளம்பரப்படுத்தியது. 2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில் கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கடையைக் கொள்ளையடித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. பொருளும் ஆளும் ஒரே உலகத்தில் இருக்கும்போது வருகிற அதே வகைக் குறும்புதான் அதுவும். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்தை நடத்தும் ஸ்வென் விங்கே, தன் விளையாட்டுகளுக்கு அல்டிமா 7 முன்னோடி என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 3-இல் பெட்டி அடுக்கி மேலே ஏறியவர்கள் யார் வீட்டுப் பழக்கத்தைத் தொடர்ந்தார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

பழைய விளையாட்டையும் இன்று ஆடலாம். எக்சல்ட் என்ற திறந்தமூல இயந்திரம் இருக்கிறது. உங்களிடம் விளையாட்டின் கோப்புகள் இருந்தால் அது இன்றைய கணினியில் ஓட்டிக்காட்டும். பூட் ஃப்ளாப்பி வேண்டாம். அதோடு வரும் ஸ்டூடியோவில் யாரை வேண்டுமானாலும் திறந்து அவருடைய எட்டு வேளையைப் பார்க்கலாம், மாற்றலாம். ஓர் இரவு அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ட்ரின்சிக்கில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரையும் பெயர் பெயராகப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம், எட்டெட்டு வரிகள்.

அங்கே ஒன்று இல்லை. ஊரில் ஒருவரைக் கொன்றுவிட்டால், அவர் கடை காலியாகக் கிடக்கும். மற்றவர்கள் தத்தம் வேளைக்கு எழுந்து, தத்தம் இடத்துக்குப் போய், அவர் இருந்த இடத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கொல்லர் கிறிஸ்டோபரின் மகன் ஸ்பார்க் அப்பாவை நினைத்துக் கலங்குவான்தான், உங்களோடு பயணமும் வருவான். ஆனால் அந்தத் துக்கம் ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து வசனமாக எழுதிக் கொடுத்தது. முப்பத்திரண்டு வேலைகளின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. வேலைக்கு எண் கொடுக்கலாம், ஒருவர் இல்லாமல் போனதற்கு என்ன எண் கொடுப்பது?

மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி யானைக்கும் அட்டவணை இருந்தது. காலையில் நடைப்பயிற்சி, அப்புறம் கோயில் வாசலில் நின்று வருகிறவர்கள் தலையில் துதிக்கை வைப்பது. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைக்குப் போன வழியிலேயே விழுந்து இறந்துபோனது. அன்று ஊரே திரண்டு வந்து அழுது வழியனுப்பியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போதும் என் கை சில்லறைக்காகச் சட்டைப் பைக்குள் போகிறது.